பழைய பாஸ்வேர்டு

“ஒரு ஈ உள்ள நுழையக் கூடாது தம்பி. அந்த மாதிரி பூட்டிக் குடு.”

நூஹு சொன்னதற்கு, கம்பெனியிலிருந்து வந்த பையன் தலையாட்டிவிட்டுப் புது ரவுட்டரை மேசைமேல் வைத்தான். வெளியே வாளையார் சாலையில் லாரிகள் போகிற அதிர்வில் அதன் ஆன்டெனா லேசாக நடுங்கியது.

நூஹுவுக்கு இங்கே பூண்டு மண்டி. கொள்முதல் வட்டவடையில், அங்கே ஒரு சின்ன ஆபீஸ். காலையில் மலையிலிருந்து வரும் ரேட், கொஞ்ச நாளாக எதிர்க்கடைக்கும் தெரிந்துவிடுகிறது. இப்படியே போனால் மண்டியை மூட வேண்டியதுதான். அதற்குத்தான் இந்த வி.பி.என். ரவுட்டர்.

அது என்ன சாமான் என்று கேட்டார். இரண்டு ஆபீஸுக்கும் நடுவே வெளியாள் எட்டிப் பார்க்க முடியாத சுரங்கப்பாதை மாதிரி என்றான் பையன்.

“வட்டவடை வரைக்கும் மலையக் கொடையறியா? ஒத்தை ஆளா வந்திருக்க?”

பையன் சிரித்தான். வேலையைவிடக் கேள்விதான் அவனிடம் அதிகமாக இருந்தது. முதலாளி காலையில் எத்தனை மணிக்கு வருவார், கம்ப்யூட்டர் யார் சொல்லிக்கொடுத்தது, சாப்பாடு வீட்டிலிருந்து வருமா என்றெல்லாம் கேட்டான். சாப்பாட்டுக்கும் ரவுட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நூஹுவுக்குப் புரியவில்லை.

அடுத்து, வெளியிலிருந்து உள்ளே வர உரிமை உள்ளவர்களின் பெயர்களைப் பழைய ரவுட்டர் பெட்டியில் பார்த்துப் படித்தான்.

“ஷாஜி?”

“சவூதி போயிட்டான். அழி.”

“சஜ்ஜாத்?”

“அவன் எதிர்க்கடைக்கே வேலைக்குப் போயிட்டானே.” சொல்லி முடித்த பிறகுதான் நூஹுவுக்கு உறைத்தது. நெற்றியில் அடித்துக்கொண்டார். “மொதல்ல அவன அழி.”

“அன்சிலா?”

பக்கத்து மேசையில் டைப் அடித்துக்கொண்டிருந்த ஹஸீனாவின் கை நின்றது.

“அது கெடக்கட்டும்” என்றார் நூஹு.

இப்போது இங்கே வேலை செய்கிறார்களா என்று பையன் கேட்டான். இல்லை. அப்படியானால் அழிப்பதுதான் முறை என்றான்.

“சஜ்ஜாத் செஞ்சத இவங்களும் செய்யலாம்ங்களே.”

“அது செய்யாது.”

அன்சிலா அவர் மகள். மண்டிக் கணக்கு முழுவதும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. போன வருஷம், அவர் முகம்கூடப் பார்த்திராத ஒருவனை, அவர் சொல்லைத் தட்டிக் கல்யாணம் செய்துகொண்டாள். வாசற்படி மிதிக்காதே என்றார், மிதிக்கவில்லை. ஆனால் ஹஸீனா தப்பாகப் போட்ட கணக்கு, சில நாள் காலையில் வந்து பார்த்தால் சரியாக இருக்கும். நூஹு அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. அன்றைக்கு மட்டும் ஒரு டீ கூடுதலாகக் குடிப்பார்.

புதுப் பெட்டியில் எல்லோருக்கும் புதுப் பாஸ்வேர்டு என்றான் பையன். போன் பண்ணிச் சொல்லிவிட்டால் போதும்.

நூஹுவிடம் நம்பர் இல்லை. அவரே அழித்ததுதான்.

“பழசையே போடு தம்பி.”

“அது என்னன்னு தெரியணும்ங்களே.”

அவருக்குத் தெரியாது. அன்சிலா யாரிடமும் சொன்னதில்லை. புதுப் பெட்டி வேலை செய்ய ஆரம்பித்தால் அவள் இனிமேல் வர முடியாது. பழைய பெட்டியையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தார். அது ஓட்டை, சஜ்ஜாத் போனாலும் இன்னொருத்தன் நுழைவான் என்றான் பையன்.

நூஹு புது ரவுட்டரைப் பையன் பக்கமாகத் தள்ளினார்.

“எனக்கு ஓட்டையே போதும். உன் பெட்டியக் கழட்டி எடுத்துட்டுப் போ தம்பி.”

பையன் கழற்றவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, ஒரே மூச்சில் எதையோ அடித்தான்.

“முடிஞ்சுதுங்க. அவங்களுக்குப் பழைய பாஸ்வேர்டுதான் போட்டிருக்கேன்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

பையன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான்.

“காலைல கெளம்பறப்போ அன்சிலா சொல்லி அனுப்பிச்சா. அத்தா அவ பேர அழிக்க விடலன்னா மட்டும் போடச் சொன்னா, மாமா.”