தும்பிக்கை வைக்காத யானை

மனைவியின் வலது கையை அவரே தூக்கி அவள் மடியில் வைத்தார்.

ஈரத் துணியின் கனம். பதினெட்டு நாளாக அந்தக் கை அப்படித்தான் இருக்கிறது.

அவள் கையைப் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தாள்.

பக்கவாதம் பேச்சை எடுத்துக்கொண்டது. கண்ணை விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து இதே பார்வை. இதே அலமாரி.

இன்று காலை அவர் எழுந்துபோய் அதைத் திறந்தார். அடித்தட்டிலிருந்த துணிப்பையைக் கொண்டுவந்து கட்டிலில் கவிழ்த்தார்.

ஒரு முயல். ஒரு ஆமை. ஒரு பூனை. முதுகில் மூன்று கோடுகளோடு ஒரு அணில். எல்லாம் உள்ளங்கை அளவு. உல்லன் நூலில் அவள் பின்னியவை.

ஐந்தாவது, யானை.

தலை முடிந்து கண் வைத்தாயிற்று. வயிறு பாதியில் நின்றது. உள்ளே திணித்த பஞ்சு தெரிந்தது. கடைசிக் கண்ணியில் குரோஷா ஊசி மாட்டியபடியே இருந்தது. தும்பிக்கையும் இரண்டு காதுகளும் தனியே வந்து விழுந்தன.

பைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை மட்டும் அவர் எடுத்துவரவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றே அதைப் பார்த்துவிட்டார். மூடியில் அவள் கையெழுத்து. மகளின் பெயர். அதற்குக் கீழே அவர் கேள்வியே படாத ஒரு பெயர். முதல் பிறந்தநாளுக்கு என்று ஒரு வரி. ஒரு தேதி.

அந்தத் தேதி, வரும் வெள்ளிக்கிழமை.

மகளின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர். நான்கு வருடமாகிறது. சொந்தத்தில் ஒருவரும் மீறவில்லை.

அவர் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அவருடைய தங்கை பிரமு, ஒரு பை நிறையச் சாத்துக்குடியோடு உள்ளே வந்தாள்.

“மதினி, எந்திரிச்சு உக்காந்துட்டீயளே! எங்க அண்ணன் வைக்கிற ரசத்துக்குப் பயந்துதானே?”

அவள் உதட்டின் இடது ஓரம் மட்டும் சிரித்தது.

பிரமு பழங்களை மேசையில் கொட்டினாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அணிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாருக்குண்ணே இதெல்லாம்?”

மனைவியின் கண் அலமாரியை விட்டது. அவர் முகத்தில் வந்து நின்றது.

ஒரு பெயர். அவ்வளவுதான்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடி தோளில் போட்டார்.

“யாருக்கும் இல்ல. பொழுது போகாம பின்னினது.”

“அப்போ நம்ம முகிலனுக்கு எடுத்துக்கிடுதேன். பேரப்பிள்ள பொம்மைன்னா உசிரை விட்டுருவான்.”

மறுக்க ஒரு காரணம் வேண்டும். காரணம் அலமாரிக்குள் இருந்தது.

தலையை அசைத்தார்.

முயல் காலிப் பைக்குள் போனது. ஆமை போனது. பூனை போனது. அணில் கடைசியாக. யானையையும் எடுத்தவள் முகத்துக்கு நேரே பிடித்துச் சிரித்தாள்.

“இது என்ன, மூக்கில்லாத பன்னி?”

அதை மட்டும் மதினியின் மடியில் வைத்தாள்.

அவளுடைய இடது கை நகர்ந்தது.

வலது கையைப் பிடித்து இழுத்து யானையின் மேல் வைத்தது. குரோஷா ஊசியை உருவிப் போட்டது. நூலைப் பிடித்தது.

இழுத்தது.

ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கண்ணி கண்ணியாக நூல் துள்ளி வந்தது. செத்த கை கல்லைப் போல யானையை அழுத்திக்கொண்டிருந்தது.

பின்ன இரண்டு கை வேண்டும். பிரிக்க ஒன்று போதும்.

“நல்லதுதான்,” என்றாள் பிரமு. “கைக்கும் ஒரு வேலை வேணும்லா.”

வயிற்றுப் பஞ்சு வெளியே வந்தது. போர்வையில் விழுந்தது.

“வேண்டாம்,” என்றார். அவருக்கே கேட்கவில்லை.

அவள் நூலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இழுத்தாள்.

இந்த வீட்டில் அவர் வேண்டாம் என்றால் எல்லாம் நின்றிருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் நின்றிருக்கிறார்கள். பெற்ற மகள் வாசற்படியில் நின்றிருக்கிறாள், உள்ளே வராமல்.

நூல் நிற்கவில்லை.

கழுத்து பிரிந்தது. தலை பிரியத் தொடங்கியது. இன்னும் இரண்டு சுற்று. அதற்கு மேல் கண்கள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் கடைசியில் ஒரே ஒரு கண்ணி திறந்துகொண்டு நிற்பதை அவர் அப்போதுதான் கவனித்தார். மொத்த யானையும் அந்த ஒன்றில்தான் நின்றது.

குனிந்தார். ஆள்காட்டி விரலை அதற்குள் விட்டார்.

அவள் இழுத்தாள். கண்ணி விரலைச் சுற்றி இறுகியது.

நின்றது.

இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. விரலை எடுத்தால் பிரிந்துவிடும். எடுக்காமல் நிமிரவும் முடியாது.

“வாரேண்ணே,” என்று பிரமு வாசலுக்குப் போனாள். பையின் விளிம்பில் அணிலின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

“பிரமு.”

“என்னண்ணே?”

“அந்த அணில் மட்டும்... இருக்கட்டும்.”

“வயசான காலத்துல நீங்க வெளையாடவா?” அவள் சிரித்தபடியே திரும்பினாள்.

குனிந்து நிற்கும் அண்ணனைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். நூலைப் பார்த்தாள்.

சிரிப்பு போய்விட்டது.

“யாருக்குண்ணே?”

அவர் வாயைத் திறந்தார்.

விரலில் நூல் ஒருமுறை இழுபட்டது. மெல்ல.