மாப்பிள்ளைத் துப்பாக்கி

“முசே, ஒழுங்கா பிடிங்க. குழாய் உங்க அத்தையப் பாக்குது.”

துப்பாக்கிக் கடைக்காரர் சகாயநாதன் பிரெஞ்சு மரியாதை போட்டுச் சொன்னதும் வினோத்குமார் ரைபிளைச் சட்டென்று கூரைப்பக்கம் திருப்பினான். மாமியாராகப் போகும் அஞ்சலாட்சி அசையவில்லை. வீராம்பட்டினத்திலிருந்து மீன்கூடை சுமந்து சுமந்து தேய்ந்த தலை. இவனுக்கா பயப்படும்?

“காட்டுப்பன்னிக்கு இது தாங்குமா? நான் அடிக்கிறதெல்லாம் பெருசு பெருசா இருக்கும்” என்றான் அவன்.

“வேட்டைன்னு வெளிய சொல்லாதீங்க முசே, உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. தோட்டக் காவலுக்குன்னு சொல்லுங்க.” சகாயநாதன் கன்னியப்பன் பக்கம் திரும்பினார். “ஐயா பேரு?”

“கன்னியப்பன். பொண்ணோட அப்பா.”

அஞ்சலாட்சி புருஷனை முறைத்தாள். கடலில் நாலு ஆள் இழுக்கும் வலையை ஒற்றை ஆளாக இழுக்கிற மனுஷன், இந்தப் பயல் முன்னால் இப்படிக் குழைகிறாரே!

மகள் அபியைப் பெண் பார்க்க வந்த அன்று ஆரம்பித்த கூத்து இது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்றுகொண்டே, திண்டிவனம் பக்கத்துத் தோப்பில் சிநேகிதன் துப்பாக்கியால் பன்றி சுட்ட கதையை அளந்தான். அவன் கை, பிசைந்து வைத்த மைதா மாவு மாதிரி இருந்தது. ஒரு காய்ப்பு இல்லை. அந்தக் கை பன்றி சுட்டதாம்! கேட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன், “நம்ம மாப்ளைக்கு ஃபேக்டரி ரைபிள் ஒண்ணு சீரா குடுத்துடுவோம்” என்று சபையில் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டைதான்.

“ஒரே பொண்ணுய்யா. பையனப் பத்தி ஒழுங்கா விசாரிய்யா” என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள்.

“அவன் ஊர்ல போயி கேட்டேனே. எல்லாம் பங்காளியும் மச்சானும்தான். தங்கமான பையன்றானுங்க. வேற யாரைப் போயி கேக்கறது?” என்று அவர் வலையைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

“குழாய்க்கு உள்ள பாருங்க முசே” என்று சகாயநாதன் பின்பக்கத்துத் தாழ்ப்பாளை உருவிவிட்டு நீட்டினார். “திருகு திருகா வரி போவுதா? வரி மேல ஒரு புள்ளி இருக்கக் கூடாது. பட்டறையில அடிச்சதுக்கும் ஃபேக்டரி மாலுக்கும் அதான் வித்தியாசம்.”

வினோத்குமார் ஒரு கண்ணை மூடினான். பார்க்க வேண்டிய துளையை விட்டுவிட்டுப் பிடிக்கட்டையை உற்றுப் பார்த்தான்.

“சூப்பர் வரி” என்றான்.

அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நல்லா பாத்து எடுங்க மாப்ள. பொண்ணு மாதிரி, காலத்துக்கும் கூடவே வெச்சிக்கிறது” என்றார் கன்னியப்பன்.

“இதான் மாமா. முடிச்சிடலாம். பேக் பண்ணச் சொல்லுங்க.”

“பேக் பண்றதுக்கு இது என்ன செல்போனா?” சகாயநாதன் சிரித்தார். “மொதல்ல உங்க பேர்ல லைசென்ஸ் வரணும். மனு குடுத்தா போலீசு வந்து விசாரிக்கும்.”

“விசாரிக்கட்டும். எங்க ஊர்ல எல்லாம் நம்மாளுங்கதான்.”

“உங்க ஊர்ல மட்டும் இல்ல முசே. முன்ன எங்கெங்க குடியிருந்தீங்களோ, அங்கல்லாம் கேப்பாங்க. பக்கத்து வீடு, எதிர் வீடு, மளிகைக் கடை. குடிப்பாரா, கை நீட்டுவாரா, கேசு எதுனா இருக்கா...”

வினோத்குமார் ரைபிளை மெல்ல மேசை மேல் வைத்தான்.

“செங்கல்பட்டுலயுமா?”

அஞ்சலாட்சி நிமிர்ந்தாள். திண்டிவனத்தைத் தாண்டி எங்கேயும் இருந்ததில்லை என்று சொன்னவன் ஆயிற்றே இவன்!

“இருந்திருந்தா அங்கயும்தான்” என்றார் சகாயநாதன்.

“மகளிர் ஸ்டேஷன்ல... அது கேசு இல்ல சார். சும்மா அவ குடுத்த மனு. பேசி முடிச்சாச்சி. அதுகூடவா வரும்?”

“மொதல்ல அதான் வரும்.”

வினோத்குமார் உதட்டை இழுத்துச் சிரித்தான்.

“எதுக்கு மாமா இதெல்லாம்? உயிரக் கொல்றது பாவம். ஒரு பைக் எடுத்துக் குடுத்துடுங்க, போதும்.”

“சபையில சொன்னது சொன்னதுதான் மாப்ள. நாளைக்கே மனு குடுக்கிறோம். நானும் கூட வரேன்.”

வினோத்குமார் கைப்பேசியைக் காதில் வைத்தான். “டவர் இல்ல” என்றபடி வெளியே போனான். வண்டி உதைபடும் சத்தம் கேட்டது. மிஷன் வீதி முனையில் அதுவும் ஓய்ந்தது.

“பன்னி சுட்ட வீரன் ஓடற ஓட்டத்தப் பாரு! ஒருத்திய அடிச்சித் தொரத்திட்டு எம் பொண்ணுக்கு வந்து நிக்கிறான்” என்று அஞ்சலாட்சி புருஷன் மேல் பாய்ந்தாள். “இதுக்குத்தான்யா விசாரி விசாரின்னு கத்தினேன். நீ என்னடான்னா துப்பாக்கி வாங்க வந்துட்ட. உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?”

கன்னியப்பன் திரும்பிக் கடைக்காரரைப் பார்த்தார்.

சகாயநாதன் ரைபிளைத் துணியால் துடைத்து அலமாரியில் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

“இது விக்கிறதுக்கு இல்ல தங்கச்சி. எம் பொண்ணுக்கு மாப்ள பாக்கறப்பவே மாட்டினது. ஊர்க்காரன்கிட்ட கேட்டா பொய் சொல்லுவான், போலீசு கேக்கும்னு சொன்னா மாப்ளயே உண்மையச் சொல்லிடுவான்” என்றவர், கன்னியப்பன் தோளைத் தட்டினார். “டேய் கன்னியப்பா, வந்தப்ப நடிச்ச மாதிரியே என்னைத் தெரியாத ஆளா வெளிய போ. குருசுக்குப்பம் மணியம்மா பொண்ணுக்குப் பாத்த மாப்ளயக் கூட்டிக்கினு வாசல்ல நிக்கிது.”