கத்தி பட்ட துணிகள்

மகள் தரையில் மண்டியிட்டு, கத்தி பட்ட துணிகளை இஸ்திரிப் பெட்டியால் அழுத்துகிறாள். பள்ளி நாளிலிருந்து ஆசை ஆசையாய்ச் சேர்த்த பூப்போட்ட பருத்தித் துணிகள். போன வாரம் மாப்பிள்ளை அத்தனையையும் கோணல்மாணலாய்க் கீறிப்போட்டார். துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூலைவாட்டில் வெட்டுப்பட்ட துணி இழுத்த பக்கமெல்லாம் நீளும் என்பதால், கஞ்சி போட்டு விறைக்க வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் இரட்டைத் தையல் போட்டு, துண்டுகளைப் போர்வையாக்குகிறாள். போர்வை பாதிக் கட்டில் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. சன்னல் வெயிலில் அவள் கன்னத்து வீக்கம் நீலமாய்த் தெரிகிறது. மாப்பிள்ளை செருப்போடு உள்ளே வருகிறார். “கந்தலை ஒட்டுப்போட்டு எந்த ராஜாவுக்குடி போர்வை? கெளம்பு வீட்டுக்கு!” போர்வையின் ஒரு முனையைப் பற்றிக் கிழிக்கப் பார்க்கிறார். மறுமுனையை மகள் விடவில்லை. தையல் இயந்திரம் கவிழ்கிறது, குண்டூசிகள் சிதறுகின்றன, அவர் கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு தையல்கூடப் பிரியவில்லை. அந்த ஆத்திரத்தில் அவள் முடியைப் பிடித்து இழுக்கிறார். அவள் சூடான இஸ்திரிப் பெட்டியைத் தூக்குகிறாள். “என் பொணம்கூட அங்க வராது. கைய எடு, தீஞ்சுபோவ.” அவர் கையை உதறிப் பின்வாங்குகிறார். எதிர்வீட்டு மாடியில் தலைகள் முளைக்கின்றன. மாப்பிள்ளை என் பக்கம் திரும்புகிறார். “மாமா, கதவச் சாத்துங்க. உங்க குடும்ப மானம்தான் போகும்.” நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுச் சண்டை வாசற்படி தாண்டியதில்லை. நான் எழுந்து, வாசல் இரட்டைக் கதவில் சாத்தியிருக்கும் மறுபாதியையும் சுவர்வரை தள்ளித் திறக்கிறேன். “எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்டா.”