கை தூக்கினால் டிஸ்க்

"ஃபேனை நிறுத்து சுதா," என்றார். நிறுத்தினேன். ஃபிரிட்ஜையும் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பாட்டு கேட்பதென்றால் அப்படித்தான்.

என் கணவர் இளஞ்செழியன் கள்ளக்குறிச்சியில் மைக் செட் வைத்திருந்தார். ஊர் ஊராகக் குழாய் கட்டி அலறவிடுகிறவருக்கு வீட்டில் ஃபேன் சத்தம்கூட ஆகாது.

எஸ்ஏசிடி என்று ஒரு வகை டிஸ்க். பார்க்க சாதாரண சிடி மாதிரிதான். வயலின் வில் நரம்பில் உரசுவதுகூடக் கேட்கும் என்பார். வெளிநாட்டிலிருந்து ஒவ்வொன்றாக வரவழைத்து, பீரோவில் என் புடவைகளைக் கீழே தள்ளிவிட்டு அடுக்கியிருந்தார்.

தொழில் கூட்டாளி ராசு அதை ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

"இன்னாண்ணா நீங்க, இத்த போடற பிளேயரே கம்மியாயிக்கினு வருது. அதே பாட்டு, அதே தரம், போன்லயே வருது. இன்னும் பத்து வருசம் போனா இதயெல்லாம் கம்பங்கொல்லையில கட்டித் தொங்கவுட்டு குருவி ஓட்டலாம்."

"போன்ல வர்றது பாட்டு இல்லடா. பாட்டோட ஜெராக்ஸ்."

"கண்ணைக் கட்டிக்கினு கண்டுபிடிங்க, பாக்கலாம்."

பந்தயம் அப்படி வந்ததுதான். ஒரே வயலின் பாட்டு, ஐந்து தடவை. டிஸ்க்கிலா போனிலா, எதில் போடுவது என்பது ராசுவின் இஷ்டம்; சத்தம் வருவது ஒரே ஸ்பீக்கரில். டிஸ்க் என்றால் இவர் வலது கையைத் தூக்க வேண்டும். போன் என்றால் அசையக் கூடாது. ஒன்று தப்பினாலும் பிளேயர் ராசு வீட்டுப் பரணுக்குப் போய்விடும்.

பந்தயத்துக்கு முதல் நாள் என்னிடம் மட்டும் சொன்னார். "தோத்துட்டா, இத்தினி வருசமா நான் கேட்டதெல்லாம் பொய்யின்னு ஆயிடும் சுதா."

ராசுவின் மனைவி தமிழ்மொழி தாளும் பேனாவுமாகக் கதவோரம் உட்கார்ந்தாள். வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அன்று அவளுக்கு லீவு.

"அண்ணி, நீங்க ஜாடை காட்டக் கூடாது," என்றான் ராசு.

"கண்ணைக் கட்டிக்கினு இருக்கறவருக்கு இன்னாடா ஜாடை?"

நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் கண்களைத் துண்டால் கட்டினேன். நெற்றி நனைந்திருந்தது. ஃபேன் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் டிஸ்க். வில் ஒரு இழுப்பு இழுப்பதற்குள் கை மேலே போய்விட்டது. அடுத்தது போன். உப்பில்லாத குழம்பை வாயில் வைத்தவர் மாதிரி உதட்டைச் சுழித்தார், கை அசையவில்லை.

மூன்றாவது மறுபடி டிஸ்க். கை எழுந்தது. மெதுவாக எழுந்து, தோளுக்கு மேல் போகாமல் மடிக்கே திரும்பியது. ராசு என்னைப் பார்த்துத் தலையாட்டினான். தமிழ்மொழி சரி என்று குறித்தாள்.

நான்காவது போன். அசையவில்லை.

ஐந்தாவதில்தான் ராசு தன் வேலையைக் காட்டினான். அண்ணன் இப்போது டிஸ்க்கைத்தான் எதிர்பார்ப்பார் என்று கணக்குப் போட்டு, திரும்பவும் போனையே ஓடவிட்டான். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கிவிடாதீர்கள், தூக்கிவிடாதீர்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு நிமிடம் ஓடியது.

தூக்கவில்லை.

"அஞ்சுக்கு அஞ்சு!" ராசு பலமாகக் கை தட்டினான். தோற்றவன் தட்டுகிற மாதிரியே இல்லை. "நீங்க கெலிச்சிட்டீங்கண்ணா! இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன். இந்த பிளேயர் வூட்ட வுட்டு எங்கயும் போவாதுண்ணி."

போகவில்லை. இன்றைக்கும் அதே மேசைமேல்தான் இருக்கிறது.

நானும் கை தட்டினேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துண்டை அவிழ்க்கத் தமிழ்மொழி எழுந்து போனாள். பின்பக்க முடிச்சைத் தொட்டவள், அவிழ்க்காமல் கையை அவர் கழுத்துக்கு இறக்கினாள். இரண்டு விரலை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள்.

"கை தட்டாதய்யா," என்றாள் ராசுவிடம். "அண்ணனுக்கு பல்ஸ் இல்ல."