விசில் போட்ட சட்டங்கள்

"பேட் யார் கையில இருக்கோ, அவங்க மட்டும்தான் பேசணும். மத்தவங்க வாயைத் திறக்கக் கூடாது."

குடியிருப்போர் சங்கத்தின் புதுச் செயலாளர் பழைய டேபிள் டென்னிஸ் பேட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவருக்கு 'விசில்' என்று பெயர்.

அதோடு விட்டாரா? நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டுமாம். பட்டப்பகலிலும் எல்லா லைட்டும் எரிய வேண்டுமாம். பிஸ்கட்டை மென்றுகொண்டே பேசக் கூடாதாம்.

"இது சங்கமா, ஜெயிலா?" என்று கொதித்தார் பேக்கரிக்காரர். "நான் சுட்ட பிஸ்கட்டை நானே திங்கக் கூடாதா?"

"தின்னுட்டுப் பேசுங்க. இல்ல, பேசிட்டுத் தின்னுங்க. ரெண்டும் சேர்ந்தாப்பல வேணாம்."

"வட்டமா உக்கார வெச்சா மனுஷி எப்படித் தூங்குறது?" என்று அலுத்துக்கொண்டாள் தையல்காரம்மா.

டெலிபோன் அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் மட்டும், அந்த விசிலைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

ஏனென்றால் அக்காவுக்குக் காது கேட்காது. யாருக்கும் சொல்லாத ரகசியம் அது.

ஆஸ்பத்திரி டெலிபோன் போர்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். 'ஹலோ' என்ற ஒரு சொல்லிலேயே எந்த டாக்டர் என்று கண்டுபிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட காது இரண்டே வருஷத்தில் கைவிட்டுவிட்டது. மெஷின் வைத்துப் பார்த்தாள், இரைச்சல்தான் மிச்சம். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளப் பழகினாள். வெளியே மூச்சு விடவில்லை. காதை வைத்துப் பிழைத்தவள், காது போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வாள்?

முன்பெல்லாம் கூட்டத்தில் முதல் சிரிப்பு அவளுடையதுதான். ஜோக் முடிவதற்குள் சிரித்துவிடுவாள். காது போனபின், மற்றவர்கள் தோள் குலுங்குவதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படித்தான் ஒரு நாள், முன்வரிசையில் தையல்காரம்மாவின் தோள் குலுங்கியதும் இவளும் வாய்விட்டுச் சிரித்துத் தொலைத்தாள். தையல்காரம்மா சொல்லிக்கொண்டிருந்தது அவள் அண்ணன் செத்துப்போன செய்தி.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஏங்கினாள். வேறொன்றும் கேட்கவில்லை அவள். அந்த நாலு பேர் நடுவில், சரியான நேரத்தில், ஒரே ஒரு தடவை சிரித்தால் போதும் என்றிருந்தது.

திரும்பி வந்தபோதுதான் விசிலின் சட்டங்கள். ஒவ்வொரு வாயாக, வெளிச்சத்தில், எதிரிலேயே தெரிந்தது. பேக்கரிக்காரரின் வாயை மூடிக்கொண்டு தொங்கிய மீசைகூடக் காணாமல் போயிருந்தது.

"என்னங்க, இருபது வருஷத்து மீசையாச்சே?" என்றாள் அக்கா.

"வீட்டம்மா உத்தரவு அக்கா. மீசை இருந்தப்ப மட்டும் என் பேச்சு எடுபட்டுச்சா என்ன?"

அக்கா சிரித்தாள். சரியான நேரத்தில்.

ஆனால் வாரா வாரம் முணுமுணுப்பு ஏறிக்கொண்டே போனது. போன சனிக்கிழமை பேக்கரிக்காரர் பேட்டை ஆட்டி ஆட்டிக் கத்தினார். "அடுத்த வாரம் ஓட்டெடுப்பு வைங்க! இதைக் குப்பையில போடலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். வீட்டுக்குப் போய் அழுதாள்.

வாரம் முழுக்க அதே யோசனை. மறுபடி வரிசை நாற்காலி, மறுபடி எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சு, மறுபடி தோள்களைப் பார்த்துச் சிரிப்பு. முடியாது. மானம் போனால் போகட்டும், இவர்கள் வேண்டும். 'எனக்குக் காது கேட்காது, எனக்காக இந்தச் சட்டம் இருந்துட்டுப் போகட்டும்' என்று சொல்லிவிடுவதென்று முடிவுகட்டினாள். கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லியும் பார்த்தாள்.

இன்று கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். ஹால் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி ஜன்னலும் சாத்தியிருந்தது. உள்ளே எல்லா லைட்டும் எரிந்தன. காது நன்றாகக் கேட்கிறவர்கள் அங்கே நின்றிருந்தால் ஒரு சொல்கூடக் காதில் விழுந்திருக்காது. அக்காவுக்கு ஒன்றுவிடாமல் தெரிந்தது.

விசில் கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா வர்ற நேரமாச்சு. இன்னைக்கு என்னைத் திட்டுறது யார் முறை?"

தையல்காரம்மா கை தூக்கினாள். "என் முறை மாஸ்டர். ஆனா போன வாரம் இவர் பண்ணினது ரொம்ப ஓவர். அன்னைக்கு அவங்க சிரிச்சப்பவே எனக்கு விஷயம் புரிஞ்சு போச்சு. நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா கூசிப் போவாங்கன்னுதானே சும்மா திட்டச் சொன்னேன்? இவர் ஓட்டெடுப்புங்கவும் பாவம், அக்கா முகமே வாடிப் போச்சு."

அக்காவின் கை ஜன்னல் கம்பியிலேயே நின்றுவிட்டது.

உள்ளே பேக்கரிக்காரர் மொட்டையாகக் கிடந்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"அவங்களுக்காக மீசையையே எடுத்தவன்மா நான். போயும் போயும் அந்தப் பேட்டையா குப்பையில போடப் போறேன்?"