எத்தனை நாள் சஸ்பெண்ட்?

மைக்ராஸ்கோப் இரண்டு துண்டாகத் தலைமை ஆசிரியையின் மேசை மேல் கிடந்தது. அதை உடைத்த எட்டாம் வகுப்பு மாணவி எதிரே நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"கை தவறி விழுந்துடுச்சா?"

"இல்ல மேடம். வேணும்னுதான் உடைச்சேன்."

தலைமை ஆசிரியைக்கு ரத்தம் கொதித்தது. இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை. முதலில் ஜன்னல் கண்ணாடி, மூன்று நாள் சஸ்பெண்ட். பிறகு தண்ணீர்க் குழாய், ஐந்து நாள். போன மாதம் வரை வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பெண்ணாம் இவள்!

அவள் அப்பாவுக்குப் போன் போட்டார். தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் எரிந்து விழுந்தது.

"இந்த மாசம் பூரா எனக்கு நைட் ஷிஃப்ட். இப்பதான் படுத்தேன். ஒரு பிள்ளைய அடக்கத் தெரியாம என்ன ஸ்கூல் நடத்துறீங்க?"

போன் பட்டென்று வைக்கப்பட்டது. அந்த எரிச்சலையும் சேர்த்து அவள் மேலேயே கொட்டினார் தலைமை ஆசிரியை.

"அப்பனும் மகளும் ஒரே அச்சு!"

அவள் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. "எத்தனை நாள் மேடம்?" என்றாள்.

"என்னது?"

"சஸ்பெண்ட்."

திமிரைப் பாருங்கள்! என்னவோ லீவு கேட்கிற மாதிரி கேட்கிறாள். தலைமை ஆசிரியை மேசையை ஓங்கித் தட்டினார். சட்டென்று அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாள்.

"நடிப்பு வேறயா?"

பக்கத்தில் நின்ற அறிவியல் டீச்சருக்கும் பொறுக்கவில்லை. "சஸ்பெண்ட் பண்ணிப் பண்ணித்தான் மேடம் இவளுக்குக் குளிர் விட்டுப்போச்சு. காலைல ஏழு மணிக்கே வரச் சொல்லுங்க. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் என் கண்ணு முன்னாடியே உக்காரட்டும்."

"அதுதான் சரி. பரீட்சை முடியுற வரைக்கும். சனிக்கிழமையும் சேர்த்து."

அவ்வளவுதான். அதுவரை கல்லாக நின்றவள் ஓடிவந்து தலைமை ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"வேணாம் மேடம்! என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க மேடம்!"

"ஏன்? பகல் பூரா வீட்ல உக்காந்து என்ன கிழிக்கப் போற?"

"நான் வீட்ல இல்லாத நேரமாப் பாத்துத்தான் அப்பா அம்மாவ அடிக்கிறாரு மேடம்!"