கீரைத்தொட்டியிலிருந்து விழும் தண்ணீர்

எப்படிச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று மீன்தொட்டியின் மூத்த மீன் செவலைக்குப் பயம். தண்ணீர்ச் சூடு பழகட்டும் என்று வீட்டுக்காரம்மா மிதக்கவிட்டிருந்த பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து புதியவள் கேட்டாள்:

"அக்கா, மேலேருந்து கொட்டுதே, அது ஆறா?"

ஆறில்லை. மேலே கீரை வளரும் தொட்டிக்கு மோட்டார் ஏற்றிய இதே தண்ணீர்தான் திரும்பி வந்து விழுகிறது. அதை எதிர்த்துத் துள்ளினால் சிமெண்டுத் தரைதான். போன தடவை வந்தவனிடம், "அந்தப் பக்கம் போகாதே" என்றாள். என்னவோ இருக்கிறது என்று அவன் துள்ளிப் போனான். "நீ சும்மா இருந்திருந்தா பிழைச்சிருப்பான்" என்று மற்ற மீன்கள் ஏசின.

"சொல்லுங்கக்கா."

"முதல்ல வந்து சேரு. அப்புறம் பேசுவோம்."

மாலையில் வீட்டுக்காரம்மா பையை அவிழ்த்தாள். புதியவள் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஆறேதான் அக்கா" என்று சிரித்துக்கொண்டே பாய்ந்தாள்.

செவலை வாயைத் திறந்தாள். ஒரு குமிழிதான் வந்தது. வெளியே தரையில் வால் அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றன மற்ற மீன்கள்.

அடுத்த வாரம் இன்னொரு பை மிதந்தது. உள்ளிருந்து யாரோ, "அக்கா" என்றார்கள். செவலை உடைந்த பானைக்குள் நுழைந்து, அதன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.